பொட்டலில் நட்ட புங்கங்கன்று

தளவாய்க்குக் குரு வாய்த்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் அந்த ஊர் கால்நடை மருத்துவமனையின் டாக்டர். பெயர் சுயம்புக்கனி. "எனக்கு குருன்னா டாக்டரம்மாதான்" என்று தளவாய் டீக்கடையில்கூடச் சொல்வார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. காதில் விழுந்தால் சுயம்புக்கனிக்குத்தான் சிரிப்பு வரும்.

ஊருக்கு மேற்கே, குளத்துக்கரை தாண்டி, வெளிமான் பொட்டல் கிடக்கிறது. முழங்கால் உயரப் புல். அங்கங்கே செம்மண் திட்டு. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெளிமான்கள் மேய்வதால் அதைப் பொதுக் காப்பகம் என்று அறிவித்து வாசலில் பலகை வைத்திருந்தார்கள். வனக்காவலர் ஒருவர் உண்டு. அவருக்கு இதைப்போல வேறு இடங்களும் இருந்தன. அவர் வராத நாளில் பைக்குகள் வந்தன, பாட்டில்கள் உடைந்தன, இடித்த வீட்டுக் கற்களை லாரிகள் கொட்டிவிட்டுப் போயின.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலர் அங்கே கூடினார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. சுயம்புக்கனி முதலில் வந்தாள். செல்போன் கடை வைத்திருக்கும் ரசாக் அடுத்து வந்தார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள்.

தளவாய் சேர வந்தவர் இல்லை. சண்டை போட வந்தவர்.

அவருடைய ஒரே மகன் ஆதிநாதன், மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில் சாலை விபத்தில் இறந்துபோனான். அந்த வருடம் தளவாய்க்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்ததும் கால் போன போக்கில் நடப்பார். அப்படி ஒரு காலையில் பொட்டலுக்கு வந்தவர், கொஞ்சம் பேர் குனிந்து பச்சைச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஊரெல்லாம் மரம் நடுதாங்க. நீங்க பிடுங்குதியளே, இது அடுக்குமா?"

பேருந்தின் முன்படியில் நின்று பேசினால் பின்படிக்குக் கேட்கிற குரல். எல்லாரும் நிமிர்ந்தார்கள். சுயம்புக்கனி தன் கையிலிருந்த மண்வெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"இந்த ஒண்ணை மட்டும் நீங்க எடுங்க அண்ணாச்சி. வேரோட எடுங்க."

அது ஒரு சாண் உயரச் சீமைக்கருவேலங்கன்று. தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். முழங்கை ஆழம் போயும் வேர் முடியவில்லை. வெயில் ஏறியது. குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். இன்னும் கீழே போனது.

"எம்புட்டு தூரம்தான் போகும் இது?"

"தண்ணி கிடைக்கிற வரைக்கும்."

"கிடைச்ச பிறகு?"

"மத்த எதுக்கும் கிடைக்காது."

தளவாய் குழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

அவரைப் போல ஒரு ஆள் பொட்டலுக்கு அதுவரை கிடைத்ததில்லை. பைக்கில் வரும் பையன்களை வாசலிலேயே மறிப்பார். பழைய விசில் இன்னும் சட்டைப் பையில் இருந்தது. ஊதிவிட்டு, பழக்கத்தில் கையை நீட்டுவார்.

"டிக்கெட்?"

"இங்க எதுக்கு தாத்தா டிக்கெட்?"

"இல்லைல்லா? அப்ப இறங்கி நடந்து வாங்க. நடந்து வாரவனுக்கு இங்க டிக்கெட் கிடையாது."

ஒருமுறை கல் ஏற்றிய லாரி உள்ளே திரும்பியது. தளவாய் அதன் முன்னால் போய் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்லப் போனவன், முகத்தைப் பார்த்ததும் அடங்கினான்.

"நீங்க... செக்கர் சார்தானே?"

"ஆமா. வண்டியை ரிவர்ஸ் எடு."

லாரி பின்னால் போனது. அன்றைக்குப் பிறகு எந்த லாரியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரசாக் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் தளவாய்க்கு மனதில் ஒரு கேள்வி இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"டாக்டரம்மா, பஸ்ஸுல ஏறினா எதைப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். இங்க காவல் நிக்கேன். ஆனா எதைக் காக்கேன்? சுத்திப் பாத்தா ஒண்ணுமே இல்லையே."

சுயம்புக்கனி புல்லில் கவிழ்ந்து படுத்தாள்.

"படுங்க அண்ணாச்சி."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படுத்தார். பிறகு அவள் கேட்டாள்.

"என்ன தெரியுது?"

"புல்லுதான் தெரியுது."

"சரி" என்று அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். தளவாய்க்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் குருவாயிற்றே என்று பேசாமல் எழுந்தார்.

ஐப்பசியில் மகனின் நினைவு நாள் வந்தது. மழை பெய்து மண் இளகியிருந்தது. அன்று தளவாய் ஒரு புங்கங்கன்றை ஆட்டோவில் கொண்டுவந்து பொட்டலின் நட்டநடுவில் நட்டார். சுற்றிலும் ஆள் உயர இரும்புக் கூண்டு வைத்தார். பச்சைப் பெயின்ட் அடித்த கூண்டு. அதன் உச்சியில் ஒரு தகரம். தகரத்தில் வெள்ளை எழுத்தில் "ஆதிநாதன்."

பொட்டலில் மரம் நடுவதில்லை என்று எல்லாரும் பேசிவைத்திருந்தார்கள். தளவாய்க்கும் அது தெரியும். ஒரு கன்றுதானே என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை. தளவாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனதும் ரசாக் சுயம்புக்கனியிடம் வந்தார்.

"டாக்டர், போன வருசம் பள்ளிக்கூடத்துல இருந்து நூறு கன்னு கொண்டுவந்தாங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பினோம். இப்ப இது?"

"ஆமா, தப்புதான்."

"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"கேப்பாரு. கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாரு. பிறகு வர மாட்டாரு."

"நான் ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்துரட்டுமா?"

"அதுல அவரு பையன் பேரு இருக்கு ரசாக் பாய். அதை எடுக்கிற கை அவரு கையாத்தான் இருக்கணும்."

"அவரு எடுப்பாருன்னு நம்புதியளா?"

"எடுப்பாரு" என்றாள் சுயம்புக்கனி.

தளவாய் தினமும் சாயங்காலம் வந்து தண்ணீர் ஊற்றினார். கன்று பிடித்துக்கொண்டது. மார்கழியில் துளிர்விட்டது, மாசியில் கூண்டுக்குள் செழித்து நின்றது. அவருக்கும் முகம் தெளிந்தது. வீட்டில் மனைவி கோமதியிடம் இலைகளைப் பற்றிப் பேசினார். மகன் போன பிறகு அவர்கள் இருவரும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பேசிக்கொள்ளத் தொடங்கியது அப்போதுதான்.

ஒருநாள் வெயிலுக்கு முன்பே ஊற்றிவிடலாம் என்று காலையில் குடத்தோடு வந்தார். கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, குடையை விரித்துத் தரையில் நட்டுவைத்துக்கொண்டு, சுயம்புக்கனி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குவியல் மண்கட்டி.

கூண்டின் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு கட்டியை எடுத்து எறிந்தாள். காகம் பறந்து போனது.

"என்ன டாக்டரம்மா, இங்க உக்காந்திருக்கிய?"

"காவல் அண்ணாச்சி."

"தினமுமா?"

"காலையில நான். ஆஸ்பத்திரிக்குப் போனதும் ரசாக் பாய் வருவாரு. மத்தியானம் வேற ஆளு."

தளவாய் குடத்தைக் கீழே வைத்தார். தன் மகன் பேர் எழுதிய மரத்துக்கு இத்தனை பேர் வெயிலில் காவல் இருக்கிறார்கள். இதை அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் என்ன கைம்மாறு செய்வேன்?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. குளத்துக்கரைத் தெருவில் ஒரு பசு ஈனமுடியாமல் தவிக்கிறது. சுயம்புக்கனி எழுந்தாள்.

"நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுதியளா?"

"அதைவிட எனக்கு என்ன வேலை? என்ன செய்யணும், சொல்லுங்க."

"கூண்டு மேல எதுவும் உக்காரக் கூடாது. அது மட்டும்தான்."

"காக்கா உக்காந்தா கன்னுக்கு என்ன ஆகும்?"

"பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

தளவாய் குடை நிழலில் உட்கார்ந்தார். முதலில் வந்த காகத்தை விசில் ஊதி விரட்டினார். இரண்டாவது காகம் விசிலுக்கு மசியவில்லை. கட்டியை எடுத்தார். அது கூண்டிலிருந்து பறந்து, ஊருக்குப் போகாமல், சற்றுத் தள்ளிப் புல்லுக்குள் இறங்கியது. இறங்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தது.

அப்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு குருவி வெடித்துக் கிளம்பியது. மண் நிறம். கைக்குள் அடங்கிவிடும் அளவு. அது காகத்தின் முன்னால் ஒரு சிறகை இழுத்து இழுத்து நொண்டியது. காகம் அதன் பின்னால் போகவில்லை. வந்த வழியிலேயே நடந்தது. குருவி நொண்டுவதை விட்டுவிட்டுக் காகத்தின் முகத்தில் போய் மோதியது.

தளவாய் எழுந்து கத்திக்கொண்டே ஓடினார். காகம் மேலே எழும்பியது.

அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தார். ஒரு புல் தூரின் அடியில், தேங்காய்ச் சிரட்டை அளவு பள்ளம். அதற்குள் மூன்று வாய்கள். கண் திறக்காத குஞ்சுகள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருந்தன. உடம்பு முழுக்க வாயாகவே இருந்தது.

அவர் மெல்லப் பின்வாங்கினார். தாய்க்குருவி இறங்கி ஓடி வந்து கூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததும் தரையாகிவிட்டது. இப்போதுதான் பார்த்திருந்தும் அது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பினார். காகம் மறுபடியும் கூண்டின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து நேராகக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டலில் அத்தனை உயரத்திலிருந்து பார்க்க அதற்கு வேறு இடம் கிடையாது. அதன் கால்களுக்குக் கீழே தகரத்தில் ஆதிநாதன் என்று எழுதியிருந்தது.

தளவாய் அதற்குப் பிறகு உட்காரவில்லை. ரசாக் வந்தபோது, "நான் நிக்கேன், நீங்க கடையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். சுயம்புக்கனி நண்பகலில் திரும்பி வந்தாள். புடவை ஓரமெல்லாம் ஈரமும் சாணியும். குடை தனியாக நின்றது. அவர் வெயிலில் கூண்டில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"தாயும் கன்னும் நல்லா இருக்கு அண்ணாச்சி."

"இங்கயும் நல்லா இருக்கு" என்றார் அவர். பிறகு, "எத்தனை நாளா இப்படி உக்காந்திருக்கிய?"

"முட்டை கண்ணுல பட்டதுல இருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

அவர் யோசித்தார். "சண்டை போட்டிருப்பேன்."

அவள் குடையை எடுத்து வந்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"கூண்டை எடுத்துட்டா போதுமா டாக்டரம்மா? கன்னு இன்னும் மெல்லிசாத்தானே இருக்கு. அதுல எந்தக் காக்காயும் உக்கார முடியாது."

"இந்த வருசத்துக்குப் போதும்."

"பெருசாச்சுன்னா தினமும் நான் வந்து விரட்டுதேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேற என்ன சோலி?"

"வர முடியாத அன்னைக்கு?"

"உசுரு இருக்கிற வரைக்கும் வருவேன்."

சுயம்புக்கனி அவரைப் பார்த்தாள். அவளுடைய குரல் தணிந்தது.

"மரம் உங்களுக்குப் பிறகும் ரொம்ப நாளைக்கு நிக்கும் அண்ணாச்சி. அதுக்குத்தானே நட்டீய?"

தளவாய் கூண்டிலிருந்து கையை எடுத்தார்.

அன்றைக்கே கூண்டை அவர் கழற்றினார். ரசாக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவரும் சத்தம் வராமல் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கன்றை எடுக்க மண்ணை வெட்டவேண்டும். அதற்குக் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கவேண்டும்.

வீட்டில் கோமதி கூண்டைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"கன்னு பட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லா இருக்கு. நான்தான் எடுக்கப் போறேன்."

"எதை? பிள்ளை மரத்தையா?" அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "அது ஒண்ணுதானே இருக்கு. அதையும் எடுக்கச் சொல்லி உங்க டாக்டரம்மா சொன்னாவளா?"

"அவங்க சொல்லல."

"பிறகு யாரு சொன்னா?"

"நாளைக்கு எங்கூட வா" என்றார்.

கோமதி அதுவரை பொட்டலுக்கு வந்ததில்லை. மறுநாள் காலையில் வந்தாள். கணவர் காட்டிய இடத்தில், தூரத்திலேயே உட்கார்ந்தாள். தாய்க்குருவி ஒரு வெட்டுக்கிளியோடு வந்தது. போனது. மறுபடி வந்தது. வெயில் ஏறியதும் கூட்டின் ஓரத்தில் சிறகை விரித்து, குஞ்சுகளுக்கு நிழலாக நின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நகரவில்லை.

கோமதி அழுதாள். தளவாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுவும் பெத்தவதானே" என்றாள்.

கூண்டு போனாலும் காகத்துக்குக் கூட்டின் இடம் தெரிந்துவிட்டதால் காவல் தொடர்ந்தது; அதற்குத் தினமும் அவளும் வந்தாள். தண்ணீரும் மோரும் கொண்டுவந்தாள். ஒருநாள் காலையில் பார்த்தபோது கூடு காலியாக இருந்தது. தாய்க்குருவி தரையில் முன்னால் ஓட, மூன்றும் தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. சில நாளில் அவை குட்டையாகப் பறக்கவும் செய்தன. சுயம்புக்கனி குடையை மடக்கினாள்.

தளவாயும் கோமதியும் ஒரு சாயங்காலம் கன்றைச் சுற்றி அகலமாகத் தோண்டினார்கள். வேர் அறாமல், மண் உதிராமல், சாக்கில் சுற்றி எடுத்தார்கள்.

"எங்க கொண்டு போறிய?" என்று ரசாக் கேட்டார்.

"மாட்டாஸ்பத்திரிக்கு" என்றாள் கோமதி. "அங்க மாடெல்லாம் வெயில்லதான் நிக்குதாம். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்."

மருத்துவமனை முற்றத்தில் அதை நட்டார்கள். ஒரு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. கோமதி தினமும் போய் வெறும் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினாள். சித்திரை கடைசியில் குச்சியின் கணுக்களில் பச்சை எட்டிப்பார்த்தது.

பொட்டலில் இருந்த குழியைத் தளவாய் ஒருவராகவே மூடினார். வேறு மண் கொண்டுவரவில்லை. தோண்டிய மண்ணையே சலித்துப் போட்டார். பற்றாததற்கு இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை என்று பொட்டலிலிருந்தே எடுத்தார். மேலே புல் தூர்களை ஒவ்வொன்றாகப் பதித்து, காலால் மிதிக்காமல் கையால் அழுத்தினார். கூண்டு நின்ற தடத்தையும் கையால் தடவி ஆற்றினார்.

கோடை போனது. மழை வந்தது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது அவர்தான் மண்வெட்டியை நீட்டினார்.

மறுபடியும் ஐப்பசி. மகனின் நாள்.

தளவாய் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கொஞ்சம் பூவோடு தனியாகப் பொட்டலுக்கு வந்தார். கன்று நின்ற இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவேண்டும் என்று நினைத்தார். வாசலிலிருந்து நேராக நடந்தார். நின்றார். இது இல்லை என்று தோன்றியது. வடக்கே போனார். அங்கும் இல்லை. திரும்பி வந்தார். எங்கும் ஒரே புல். காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. வெளிமான்கள் தூரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தன.

சுயம்புக்கனி வாசல் பக்கம் உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் இங்கும் அங்கும் நடப்பதைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"இடம் தெரியலையே டாக்டரம்மா" என்றார் தளவாய். "நான்தான் நட்டேன். நான்தான் எடுத்தேன். என் கையாலதான் மூடினேன். இப்ப எது அந்த இடம்னு எனக்கே தெரியல. எங்க நின்னு அவனை நினைக்க?"

அவள் பொட்டலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள்.

"எங்க வேணும்னாலும் நில்லுங்க அண்ணாச்சி" என்றாள். "காலை மட்டும் பாத்து வையுங்க. எந்தப் புல்லுக்குள்ளயும் ஒரு பிள்ளை இருக்கும்."